மீண்டும் விளக்கேற்றவும்

செந்நெறி முன்னேற்றப் பேரவையின் இணையத்தளத்துக்குள் போக வேண்டுமானால் முதலில் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். திரையில் ஐந்து திரிகள் தெரியும். தலைவர், துணைத்தலைவர் என்று பதவி வரிசைப்படி ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். வரிசை தவறினால் விளக்கு அணைந்துவிடும். எந்தத் திரி யாருடையது என்று எழுதியிருக்காது. அதுகூடத் தெரியாதவர்களுக்கு உள்ளே என்ன வேலை?

விளக்கு எரிந்ததும் கடவுள் வாழ்த்து. பிறகு வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடைப் படங்கள், வெள்ள நிவாரணப் படங்கள், நன்றியுரை. விழாவில் நன்றியுரை முடிந்தால் சாப்பாடு போடுவார்கள் அல்லவா? அந்த இடத்தில் 'மண்டப முன்பதிவு' இருந்தது.

வருடா வருடம் வெள்ளம் வரும் கோத்தா திங்கி ஊரில், தண்ணீர் ஏறாத மேட்டில் இருக்கிறது பேரவையின் மண்டபம். சந்திரமதியின் மூத்த மகளுக்குத் தை மாதப் பிற்பாதியில் கல்யாணம். மழைக்காலம் போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வாசலிலேயே நிற்கும் நேரம். மாப்பிள்ளையைப் படகில் அழைக்க அவளுக்கு விருப்பமில்லை. செயலாளர் ஐயாத்துரைக்கு போன் போட்டாள்.

"போன்ல புக்கிங் எடுக்கக்கூடாதுன்னு தலைவர் ஆர்டர்மா. எல்லாம் டிஜிட்டல். வெப்சைட்ல போடுங்க" என்றார் அவர்.

"அந்த விளக்கு அணைஞ்சு அணைஞ்சு போவுதுங்க."

"எனக்கும்தான்மா" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

சின்ன மகள் லோஷினி ஸ்கூடாயில் ஒரு தனியார் கல்லூரியில் இணைய வடிவமைப்பு படிக்கிறாள். நல்ல தளம் ஒன்று, மோசமான தளம் ஒன்று எடுத்து வகுப்பில் மதிப்பிட வேண்டும் என்று விரிவுரையாளர் தேவானந்தன் சொல்லியிருந்தார். தளம் சுருக்கமாக இருக்க வேண்டும் என்பதைப் பற்றி ஒரு செமஸ்டர் முழுக்கப் பேசக்கூடியவர். அவருடைய விதி இது: பயன்படுத்துகிறவரை உட்கார வைத்து ஒரு நிஜமான வேலையைக் கொடுக்க வேண்டும். பிறகு வாயைத் திறக்கக் கூடாது. அவர் எங்கே திணறுகிறார் என்று பார்க்க வேண்டும்.

மோசமான தளத்துக்கு லோஷினி வெளியே தேடவில்லை. உட்கார வைக்க அம்மா இருந்தாள். தளத்தின் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதால், 'உங்கள் தளத்தை எங்கள் வகுப்பில் மதிப்பிட விரும்புகிறேன்' என்று நாளும் இடமும் குறித்துத் தலைவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்.

தலைவர் விஜயேந்திரன் ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி. தனக்கு வர வேண்டிய 'டத்தோ' என்ற கௌரவப் பட்டம் ஸ்கூடாய் சாலை நெரிசலில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நம்புகிறவர். அவருக்கு ஒருவர் செய்தி அனுப்பினால், ஒன்று பாராட்டாக இருக்கும், அல்லது அழைப்பாக இருக்கும். இது இரண்டும் என்று முடிவுசெய்து, பட்டு ஜிப்பாவும் ஒரு புகைப்படக்காரருமாக வகுப்புக்கே வந்து இறங்கினார்.

அவரைக் கண்டதும் லோஷினி மனதுக்குள் கணக்குப் போட்டாள். மோசம் என்று சொன்னால் அக்காவுக்கு மண்டபம் இல்லை. சொல்லாவிட்டால் இவளுக்கு மதிப்பெண் இல்லை.

முதலில் நல்ல தளத்தைக் காட்டினாள். பேருந்து நேரம் சொல்லும் தளம். ஊரைத் தொட்டால் அடுத்த பேருந்து எப்போது என்று வரும்.

"அவ்ளோதானா?" என்றார் தலைவர். "ஒரு வணக்கம்கூட சொல்லலையே! என்னா பழக்கம் இது?"

அடுத்தது பேரவையின் தளம். சோதனைக்காக வகுப்புக்கு வந்திருந்த சந்திரமதி எழுந்து, கணினி முன் இருந்த நாற்காலிப் பக்கம் வந்தாள். அதற்குள் தேவானந்தனுக்கு மரியாதை பொங்கிவிட்டது.

"தலைவரே வந்திருக்காங்க. அவங்களே செஞ்சு காட்டட்டுமே!"

லோஷினி அம்மாவுக்காக எழுதி வைத்திருந்த அட்டையைத் தலைவரிடம் நீட்டினாள். 'பிப்ரவரி முதல் ஞாயிறு, சந்திரமதி குடும்பத்துக் கல்யாணம். மண்டபத்தை முன்பதிவு செய்யவும்.'

தலைவர் முதல் திரியைக் கம்பீரமாகத் தொட்டார். எரிந்தது. புகைப்படம் எடுக்கப்பட்டது. அடுத்ததைத் தொட்டார். எல்லாம் அணைந்தது. விழாக்களில் மெழுகுவர்த்தியைக் கையில் கொடுத்து, எந்தத் திரி என்று காட்டவும் ஆள் இருப்பார்கள். இங்கே யாரும் இல்லை.

"அந்தப் பக்கத்துல உள்ளத தொடுங்க தலைவரே" என்றாள் சந்திரமதி, பொறுக்க முடியாமல்.

"மா! பேசக்கூடாது!"

"பாவம்டி..."

ஒருவழியாக விளக்கு எரிந்தது. தலைமையுரை தானாக ஓட ஆரம்பித்தது. நிறுத்த வழி இல்லை. தன் பேச்சை நடுவில் நிறுத்துவதா என்று தலைவரே பொத்தானை எடுக்கச் சொல்லியிருந்தார். மாணவர்கள் நெளிந்தார்கள். தலைவர் மட்டும் உதடு அசைத்துக் கூடவே பேசிக்கொண்டிருந்தார். அடுத்து வெள்ள நிவாரணப் படங்கள். எல்லாவற்றிலும் அவர் தெரிந்தார். வெள்ளம்தான் தெரியவில்லை.

கடைசியில் முன்பதிவுப் பக்கம் வந்து உறுப்பினர் எண் கேட்டது.

"என் நம்பரா? என்னையே கேக்குதா?"

யோசித்தார். ஜிப்பா பையைத் தடவினார். திரை பொறுமை இழந்தது. 'நேரம் முடிந்துவிட்டது. மீண்டும் விளக்கேற்றவும்.' ஐந்து திரிகளும் அணைந்து நின்றன.

"அலமாக்! போச்சு!" என்றான் பின்வரிசையில் ஒருவன்.

தலைவரின் முகம் சிவந்தது. போனை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார்.

"ஐயாத்துரை! பிப்ரவரி முதல் ஞாயிறு மண்டபம் காலியா?"

"எல்லா ஞாயிறும் காலி தலைவரே. வெப்சைட் வந்ததுலேருந்து ஒரு ஆளும் வரல."

"சந்திரமதி குடும்பத்துக் கல்யாணம். எழுதிக்குங்க."

"வெப்சைட்லதான் வரணும் தலைவரே."

"எவன்யா சொன்னது?"

"நீங்கதான்."

"இப்பவும் நான்தான்யா சொல்றேன்! எழுது!"

"எழுதிட்டேன் தலைவரே" என்றது போன். அந்தக் குரலில் இருந்த மகிழ்ச்சி வகுப்பு முழுவதற்கும் கேட்டது.

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தீங்களா? வேல முடிஞ்சிருச்சு. இப்ப சொல்லும்மா, நம்ம வெப்சைட் நல்லதா, கெட்டதா?"

சந்திரமதி மகளின் முழங்கையைக் கிள்ளினாள். லோஷினிக்கு வகுப்பில் படித்த கேள்வி கைகொடுத்தது. சோதனை முடிந்ததும், பயன்படுத்தினவரைக் கேட்க வேண்டிய கேள்வி.

"உங்களுக்கு எந்த எடத்துல கஷ்டமா இருந்துச்சு தலைவரே?"

"எனக்கா? கஷ்டமா?" சுற்றிலும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அந்த விளக்க மட்டும் யாராச்சும் முன்னாடியே ஏத்தி வச்சிருக்கலாம் லா."

தன் மதிப்பீட்டில் லோஷினி இப்படி எழுதினாள்: 'வேலை முடிந்தது. தளத்துக்கு அதில் பங்கில்லை. இங்கே முன்பதிவு வசதிக்குப் பதிலாகத் தலைவர் இருக்கிறார். அவரை எல்லோர் வீட்டிலும் உட்கார வைக்க முடியாது.' தேவானந்தன் நல்ல மதிப்பெண் போட்டு, 'இன்னும் விரிவாக எழுதலாம்' என்று குறிப்பும் எழுதினார்.

அடுத்த வாரமே தளம் மாறியது. விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது, மெழுகுவர்த்தியோடு தலைவர் படத்தில் நின்றார். கீழே ஐயாத்துரையின் எண். அதற்கு மேல் பெரிய எழுத்தில், 'தலைவரின் புதிய அறிமுகம்: மண்டபத்துக்குத் தொலைபேசியில் அழைக்கும் வசதி!'

சந்திரமதி அன்றைக்கே அழைத்துக் கேட்டுவிட்டாள். மண்டபம் உறுதி. கல்யாணத்தில் வாழ்த்துரை வழங்கத் தலைவர் சம்மதித்திருப்பதாகவும் ஐயாத்துரை சொன்னார்.

"நாம கேக்கவே இல்லையேடி" என்றாள் லோஷினியிடம்.

"எப்ப பேசுறாராம்?"

"சாப்பாட்டுக்கு முன்னாடியாம்."