சுவருக்கு அந்தப் பக்கத்து ஸ்டேஷன்

லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர். வேலைக்குப் போன காலமெல்லாம் மேலேயும் கீழேயும் போய் வந்த மனுஷன்; அதனாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் கிடைமட்டமாகப் போகிற ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. கல்யாணம் கூடிவரவில்லை. படுக்கையறையைக் காலி செய்து, இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டி, அதன்மேல் ரயில் விட்டார். மேடைக்கு அடியில் பாயை விரித்துத் தூங்கினார்.

பொம்மை ரயில் என்று நினைத்துவிடாதீர்கள், மனசு ஒடிந்துபோவார். இன்ஜின் ஒவ்வொன்றும் முழங்கை நீளம். தண்டவாளத்துக்கு அடியில் கொட்டிய ஜல்லி, டீ வடிகட்டியில் சலித்த மணல். பெட்டிகளின் ஆணித்தலைகள் எல்லாம் ஊசி முனையால் வைத்த பசைச் சொட்டுகள். அழகாகப் பெயிண்ட் அடிப்பார். அது காய்ந்ததும் மெனக்கெட்டு உட்கார்ந்து துருப்பிடிக்க வைப்பார். "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்ட தங்கை, அப்புறம் வருவதையே குறைத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டில் ஒரு பல் டாக்டர், இவருக்கு மூத்தவர். ஒருநாள் கதவு திறந்திருக்க எட்டிப் பார்த்தவர், உள்ளே வந்து குனிந்து, ஸ்டேஷன் சுவரை விரலால் தட்டினார்.

"சொத்தை இருக்கே. பிடுங்கிடலாமா?"

மறுநாள் தன் பழைய கருவிகளோடு வந்து, பல்லைச் செதுக்குகிற நிதானத்தில் அந்தச் சுவரைச் செங்கல் செங்கலாகச் செதுக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். இவர் அவருக்கு 'லிஃப்டு'. அவர் இவருக்கு 'டாக்டரே'.

"இடம் பத்தலையே, லிஃப்டு."

"சுவருக்கு அந்தப் பக்கம் யார் வீடு டாக்டரே?"

"என் வீடுதான்."

"அப்புறம் என்ன யோசனை?"

ஒரு பூனை தாராளமாக நுழைகிற அளவுக்குச் சுவரில் ஓட்டை விழுந்தது. இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் மலை. மலையில் டாக்டர் ஸ்டேஷன் மாஸ்டர். எதிர்ப்பக்கம் 'வரட்டும்' என்று சொல்லாமல் வண்டியை அனுப்பக் கூடாது. அது ஒன்றுதான் சட்டம்.

"அனுப்பட்டுமா டாக்டரே?"

"பொறுய்யா, சரக்கு வண்டியை ஒதுக்கிக்கிறேன். ம்... வரட்டும்."

"உங்க மலையில எப்பவும் லேட்டு."

"உன் ஊர்ல எப்பவும் அவசரம்."

லிஃப்டிடம் மனிதக் குரல் ஒன்று பேசியது என்றால், அது அந்த ஓட்டை வழியாகத்தான்.

டாக்டர் ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். லிஃப்டு தன் வண்டிகளை ஓட்டையின் வாய்வரை ஓட்டிப் பின்னாலேயே இழுத்துக்கொள்வார். 'வரட்டும்' என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? ஆனால் ஒரு சாயங்காலம் என்னவோ மனசு கேட்கவில்லை. கேட்காமலேயே ஒரு வண்டியை அனுப்பிவிட்டார். அது அந்தப் பக்கம் போய், பாலத்தின் மேல் கடகடத்து, நின்றது.

சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. டாக்டரின் மனைவி, இன்ஜினைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு நின்றாள்.

"சத்தம் கேட்டுதா, அவர்தான்னு நினைச்சுட்டேன் தம்பி. டீ போட்டுக் கையில எடுத்துட்டுப் போய் நின்னேன்."

லிஃப்டு இன்ஜினைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"அந்த ஓட்டையை அடைச்சிடலாம்" என்றாள்.

"அண்ணி, இனிமே வண்டியே விட மாட்டேன். ஓட்டை மட்டும் இருந்துட்டுப் போகட்டுமே."

"உங்க இருமல் கேக்குது. நாற்காலி இழுக்கிறது கேக்குது. ஒவ்வொரு தடவையும் எழுந்து ஓடுறேன். என்கிட்ட பேசினதைவிட அந்த ஓட்டைகிட்டதான் அவர் அதிகமாப் பேசினார். அப்பல்லாம் பொறாமையா இருக்கும். இப்ப பயமா இருக்கு தம்பி."

அதற்குமேல் எதைச் சொல்லிக் கெஞ்சுவது? "நாளைக்கு நானே அடைச்சுத் தரேன்" என்றார்.

மறுநாள் காலையில் மலையிலிருந்த வண்டிகளை எல்லாம் ஊருக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் அண்ணி நின்றாள்.

"எந்தக் குமிழைத் திருப்பணும்?"

"கறுப்பு. மெதுவா அண்ணி!"

ஒவ்வொரு வண்டியாக வந்து சேர்ந்தது. பிறகு தண்டவாளத்தை அறுத்து எடுத்தார். தொட்டியில் சிமெண்ட் குழைத்தார்.

"ஒரு பலகையை அந்தப் பக்கம் வச்சு அழுத்திப் பிடிச்சுக்கோங்க. இல்லேன்னா கலவை மொத்தமும் உங்க மலையில கொட்டிடும்."

கல்லை வைத்து, கலவையை அப்பி, அதன்மேல் கல். ஓட்டை சின்னதாக ஆக, அண்ணியின் குரலும் சன்னமாகிக்கொண்டே வந்தது. கடைசிக் கல்லையும் வைத்துப் பூசி முடித்து, "விட்டுடலாம் அண்ணி" என்றார். பதில் இல்லை. இன்னும் உரக்கச் சொன்னார். அப்போதுதான் உறைத்தது: கேட்காது. தான் சொல்லாமல் அவள் பலகையை விடமாட்டாள்.

வெளியே ஓடிப்போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். இத்தனை வருஷத்தில் அந்தக் கதவை அவர் தட்டியதே இல்லை. உள்ளே தாழ்.

"அண்ணி! விட்டுட்டு வாங்க!"

"விட்டா கொட்டிடுமே!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கொட்டாது, கலவை பிடிச்சிருக்கும்."

"எனக்கு நம்பிக்கை இல்லை. நல்லாக் காயட்டும். நீங்க அங்கேயே நில்லுங்க."

நின்றார். கையில் சிமெண்ட் இறுகிக்கொண்டிருந்தது.

"தம்பி, இருக்கீங்களா?"

"இருக்கேன் அண்ணி."

"கை கடுக்குது. ஏதாவது பேசுங்களேன்."

அவளிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ரயில்தான்.

"அவர் உங்ககிட்ட என்னதான் பேசுவார்? அதைச் சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தார். பொறு, வரட்டும், லேட்டு. ஆண்டுக்கணக்கில் பேசியதில் எடுத்துச் சொல்லும்படி ஒன்றும் அகப்படவில்லை.

"முட்டி வலிக்குதுன்னு சொல்வார் அண்ணி. வலது முட்டி. குளிர் வந்தா ரொம்பவே படுத்துதுன்னு."

பலகையை விட்டுவிட்டாளோ என்று அவர் கதவில் காதை வைத்தார்.

"என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றாள்.