பெல்டன் ஊரின் ஒரே கடை

அக்கா, சனிக்கிழமை ஏன் போனை எடுக்கவில்லை என்று கேட்டாய். அன்று என் வேலை போகிற மாதிரி இருந்தது. போகவில்லை. அதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிட்டு அப்புறம் மிச்சத்தைப் படித்துக் காட்டு.

அமெரிக்காவின் இந்த மூலையில், பெல்டனில், மளிகைக் கடை இது ஒன்றுதான், கல்லாவில் நிற்பவன் நான். இதை மூடிவிடலாமா என்று பார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து பிராண்ட் என்பவர் வந்தார். கையில் ஊரின் ஜாதகமே இருந்தது. ஆயிரத்துச் சொச்சம் பேர். பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். படித்த பிள்ளைகள் ஒமாஹா நகரத்துக்குப் போய்விட்டார்கள். இளவட்டம் என்றால் இறைச்சி ஆலையில் வேலை செய்யும் குவாத்தமாலாக் குடும்பங்கள்தான்.

"கணக்கைப் பாத்தா கடை தேறாதுன்னுதான் தோணுது. எதுக்கும் ஜனங்களையும் ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்றார்.

மேயர் ஜெனெல் சலூனும் நடத்துகிறாள், ஆகவே ஊரில் எல்லார் தலையும் அவள் கையில். "நாளைக்கு வந்து அழுங்க, புலம்புங்க" என்று முந்தின நாளே எல்லாருக்கும் சொல்லியிருந்தாள். கூட்டம் வந்தது. ஆனால் இந்த ஊர்க்காரர்களுக்குப் புலம்பத் தெரியாதே! குறை சொன்னால் அடுத்தவருக்குச் சிரமம் என்று நினைக்கிற ஜனங்கள். குவாத்தமாலாக்காரர்களில் நேராகப் பேசும் ஒஃபீலியா என்பவளோ அந்நேரம் ஆலையில் இருந்தாள்.

பிராண்ட் முதலில் பிடித்தது வெர்லினை. சோளம் பயிரிட்டு ஓய்ந்தவர்.

"கடை இல்லேன்னா கஷ்டமா இருக்குமா?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல. அடுத்த கடை நாப்பது மைல்தானே, வண்டிய எடுத்துட்டுப் போயிடுவோம். எங்களுக்காக நீங்க மெனக்கெட வேணாம்."

கண்பார்வை போதாதென்று அவருடைய ஓட்டுநர் உரிமத்தைப் போன வருடமே பிடுங்கிவிட்டார்கள், அக்கா!

"யோவ் வெர்லின், வாய வச்சிக்கிட்டு சும்மா இரேன்யா!" என்று பல்லைக் கடித்தாள் ஜெனெல்.

"மரியாதையாத்தானே பேசினேன்?"

அடுத்தவர், அதற்கடுத்தவர், எல்லாரும் அதே பாட்டு. "சமாளிச்சுக்குவோம்." "பரவால்ல." பிராண்ட் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். நம்ம ஊருக்குத் திரும்ப டிக்கெட் என்ன விலை என்று என் மனம் ஓடியது. எப்படி அந்தத் தைரியம் வந்ததோ, கல்லாவை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

"வெர்லின், உங்க களஞ்சியம் தீப்பிடிச்சப்ப தீயணைப்புக்குப் போன் போட்டு என்ன சொன்னீங்க?"

"கொஞ்சம் புழுக்கமா இருக்கு, முடிஞ்சா வாங்கன்னேன்."

"டிராக்டர் காலு மேல ஏறினப்ப?"

"அது எடது கால்தானேப்பா."

பிராண்ட் எழுதுவதை நிறுத்தினார். "சார், இவங்க 'சமாளிச்சுக்குவோம்'னு சொன்னா செத்துடுவோம்னு அர்த்தம்" என்றேன். ஜெனெல் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிராண்ட் சிரிக்கவில்லை. காகிதங்களை மடித்துப் பைக்குள் செருகினார். "எங்கப்பாவும் இந்தப் பக்கத்து ஆளுதான். மாரடைப்பு வந்தப்ப 'நெஞ்சு கரிக்குது'ன்னுட்டு மாட்டுக்குத் தீனி வைக்கப் போனாரு" என்றார். ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டை வைத்து இங்கே சுடும் இனிப்புப் பணியாரம் ஒன்றை வாங்கி, நின்றபடியே தின்றார்.

வாசல்வரை கூடவே ஓடினேன். "சார், கடை என்னாகும்?"

தொப்பியை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அவ்வளவு மோசமில்ல."

இவ்வளவுதானா, டிக்கெட் எடுக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். பின்னாலிருந்து வெர்லின் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"கேட்டியாடா பயலே! மனுஷன் சந்தோஷத்துல குதிக்கிறாரு!"