கல்லாவில் உட்கார்ந்த சாட்சி

அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். டாக்டர் லெட்சுமி. நோயாளி மூசா, பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை வைத்தவர். கடையை இப்போது நடத்தும் மகன் இல்யாஸ். சுபாங் ஜெயாவிலிருந்து லீவு போட்டு வந்த மகள் மெஹ்ரின்.

மூசாவுக்கு மூத்திரப்பையில் புற்று. நுரையீரல் வரைக்கும் போய்விட்டது. இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஏற்றுகிறார்கள். ஒன்று உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புவது. இன்னொன்று புற்றுச் செல்லைத் தேடிப் போய் அதற்குள் நஞ்சை இறக்குவது. முதல் ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. இந்த ஸ்கேனில் சுருங்கவில்லை.

"அங்கிள், சுகர் பதினேழுல நிக்குது, பத்துக்குள்ள இருக்கணும். இவ்வளவு ஏறினா ரெண்டாவது மருந்த நிறுத்தி வைக்கணும். அதாலயும் சுகர் ஏறும்," என்றார் டாக்டர். "முகம் வேற உப்பியிருக்கு. ஜாமு, மாஜூன்னு நாட்டு மருந்து ஏதாச்சும் சாப்பிடறீங்களா?"

மூசா மகனைப் பார்த்தார். "அதெல்லாம் இல்லம்மா."

சொல்லிக்கொடுத்தது இல்யாஸ்தான். டாக்டர் ஏசுவாங்க, வாயைத் திறக்காதீங்க அத்தா என்று. மாஜூன், கிள்ளானில் ஒருவனிடம் வாங்கிய கறுத்த லேகியம். சுத்த மூலிகை என்று டப்பாவில் போட்டிருந்தது. படுத்தே கிடந்த மனிதர் அதைத் தின்று எழுந்து ஆட்டுக்கறி கேட்டார். கன்னம் பளபளத்தது. இல்யாஸ் அவரைக் கல்லாவில் உட்கார வைத்து, பக்கத்திலேயே டப்பாக்களை அடுக்கினான். "எங்கத்தாவப் பாருங்க பாஸ், கேன்சர்காரர் மாதிரியா இருக்கார்?" என்று விற்றான். மூசாவும் சிரித்துத் தலையாட்டினார்.

"சரி, ரெண்டாவது மருந்து இப்ப வேணாம்." டாக்டர் கணினியில் தட்டத் தொடங்கினார். மூசாவின் முகம் தொங்கிப்போனது. கட்டியைச் சுருக்கிய மருந்து அது என்று அவருக்குத் தெரியும்.

"டாக்டர், மாஜூன் குடுக்கறேன்," என்றான் இல்யாஸ். "நான்தான்."

தட்டுவது நின்றது.

"அதுல ஸ்டீராய்டு கலந்து விக்கறாங்கண்ணே. டெஸ்ட் பண்ணித்தான் உறுதியா சொல்லணும். அதுவா இருந்தா, சுகரும் வீக்கமும் அதாலதான். நான் எழுப்பிவிட்ட எதிர்ப்புச் சக்திய நீங்க வீட்டுல தூங்க வெச்சிருக்கீங்க. திடீர்னு நிறுத்தவும் கூடாது, ஆபத்து. நான் சொல்ற மாதிரி மெல்லக் குறைக்கணும். அதுவரைக்கும் ரெண்டு மருந்துமே கிடையாது. யாராச்சும் கூடவே இருந்து பார்த்துக்கணும்." பிறகு கேட்டார்: "வேற யாருக்கும் குடுத்தீங்களா?"

"இல்ல."

உண்மையைவிட வேகமாக வந்தது அது. மெஹ்ரின் தரையைப் பார்த்தாள். அவளுக்குக் கடையும் தெரியும், டப்பாக்களும் தெரியும்.

சுபாங் ஜெயாவில் மெஹ்ரின் வீட்டு முன் கார் நின்றதும் மூசா சொன்னார்: "குணமாயிட்டேன்னு நெனச்சேன்டா. ஊருக்கெல்லாம் பல்லக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

வாசலில் இல்யாஸ் அவர் கையைப் பிடிக்கப் போனான். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

"அத்தா இனிமே இங்கதான்," என்றாள் மெஹ்ரின். "நம்ம கடைக்கு வர்ற ரெங்கசாமி அங்கிளும் வாங்கினார்தானே? அவருக்கும் கேன்சர் சிகிச்சை ஓடுது."

"சொல்லிடறேன் லா."

"எப்படிச் சொல்லுவீங்க? டாக்டர்கிட்ட சொன்ன மாதிரியா? வாங்கினவங்க எல்லார்கிட்டயும் நேர்ல போய் சொல்லிட்டு வாங்கண்ணே. அதுக்கப்புறம் அத்தாவப் பார்க்கலாம்."

மூசா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். அவருக்குப் பின்னால் மெஹ்ரின் கிரில் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.