துயரத்துடன், மகள் மட்டும்

நான் கற்பனையில் பெற்று, கற்பனையிலேயே கொன்ற ஒருவனுக்காக என் சொந்த ஊர் மூன்று நாள் துக்கம் காத்தது. தலைநகர் சோபியாவில் என் பதிப்பாளரிடம் சொன்னேன், நம்பவில்லை. கதை விடாதே என்றார். கதை விடுவதுதான் என் பிழைப்பு, அதற்காக எல்லாவற்றையுமா விடுவேன்?

என் பெயர் பில்யானா. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நாவல் எழுதுகிறவள். "பெரியவங்களுக்கு எப்ப எழுதுவீங்க?" என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. என் மூன்றாவது நாவலில் க்ரெமெனா என்று ஒரு பெண், வயது பதினாறு. அவளுடைய அப்பா மனோல் சிறையில் செத்துப்போகிறார். மானம் போய்விடும் என்று குடும்பம் வாயைத் திறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் வீட்டுக் கதவிலும் மின்கம்பத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் அஞ்சலித் தாள் ஒட்டுவோம். நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், வருடம் என்று புதிது புதிதாக ஒட்டிக்கொண்டே இருப்போம். மனோலுக்கு ஒன்றுகூட இல்லை. க்ரெமெனா தானே ஒரு தாளை அடித்து, அடியில் 'துயரத்துடன், மகள்' என்று தன் பெயரை மட்டும் போட்டு, ஊரெல்லாம் ஒட்டுகிறாள். பதினோராம் அத்தியாயம். ஒரு விமர்சகர் அது மிகை என்று எழுதினார். அந்த ஆள் வீட்டில் யாருமே செத்ததில்லை போலிருக்கிறது.

ஊர் வாசகசாலையில் வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்கு நான் பேசுவதாக ஏற்பாடு. புதன்கிழமை காலை பென்கா தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். பென்கா வாசகசாலையின் தலைவி. பள்ளியில் எட்டு வருடம் எனக்குப் பக்கத்து இருக்கைக்காரி.

"ஏய், நீ எழுதின கூத்து இங்க வந்து நிக்குதுடி!"

"என்ன கூத்து?"

"உன் மனோல் செத்துட்டான். செவ்வாக்கிழமை காலைல பாத்தா ஊர் பூரா தாள். உன் புத்தகத்துல இருக்கற அதே வாசகம். எந்தப் பய பண்ணினான்னு தெரியல."

சிரித்துவிட்டேன். தப்பு என் மேல் இல்லை. யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். புத்தகத்தைப் படித்தவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மட்டும்தான். பெரியவர்களுக்கு அது ஒரு சாவு, அவ்வளவுதான். தாளில் படம் இல்லாததால் ஆளாளுக்கு ஒரு முகத்தை வைத்துக்கொண்டார்கள். காபிக் கடையில் இரண்டு கிழவர்கள் மனோலுக்கு மீசை உண்டா இல்லையா என்று அடித்துக்கொள்ளாத குறையாம். ஒருவருக்கு அவன் பட்டாளத்துக் கூட்டாளி. இன்னொருவருக்கு பழக்கூழ் ஆலையில் உடன் வேலை பார்த்தவன், நல்ல மனுஷன், கொஞ்சம் குடிப்பான்.

"ஒரு அம்மா அவிச்ச கோதுமையில சர்க்கரை தூவி கோயிலுக்குக் கொண்டு போயிருக்கு. பாதிரியார் அவன் பேரைச் சொல்லி ஜெபமே பண்ணிட்டாரு! இல்லாத ஆளுக்கு!"

"அப்ப மோட்சம் கெடச்சிருக்கும், விடு."

"உனக்கு எல்லாம் வெளையாட்டு. இங்க பாரு, வெள்ளிக்கிழமை நீ பேசறப்ப அந்த அத்தியாயம் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. எழுதியிருக்கக் கூடாது, பிள்ளைங்க யாரும் அப்படிச் செய்யாதீங்கன்னு. அது போதும்."

"நான் ஏன் சொல்லணும்?"

"எனக்காகச் சொல்லேன்டி."

குரலில் கெஞ்சல் இருந்தது. பென்கா கெஞ்சி நான் கேட்டதே இல்லை, அதட்டித்தான் பழக்கம். எதற்கு இவ்வளவு பதற்றம் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் அத்தியாயத்தில் கை வைக்கிறாள் என்ற கோபம் கண்ணை மறைத்தது.

வெள்ளிக்கிழமை வாசகசாலை மண்டபத்தில் நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள். முன்வரிசையில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனீட்சா ஒரு தட்டு நிறைய. அதற்காகவே வந்தவர்கள் பாதிப்பேர் இருப்பார்கள், வரட்டும். கேள்விகள் சுருக்கென்று வந்தன. க்ரெமெனா ஏன் கடைசிவரை தன் வகுப்புப் பையன் ஸ்தமாத்துக்கு முத்தம் கொடுக்கவில்லை?

"அவன் கேக்கவே இல்லையே. நானூறு பக்கம் குடுத்தேன், பயல் பந்தாட்டத்தப் பத்தியே பேசிட்டிருந்தான். நான் என்ன பண்ணட்டும்?"

சிரிப்பு. க்ரெமெனாவின் அம்மாவை ஏன் அவ்வளவு கெட்டவளாக எழுதினீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். அவள் கெட்டவள் இல்லை, பயந்தவள், நான் எழுதியவர்களிலேயே என் தூக்கத்தை அதிகம் கெடுத்தவள் அவள்தான் என்றேன். உண்மைதான் அது.

பிறகு எப்போதும் வரும் கேள்வி: உங்களுக்குப் பிடித்த புத்தகம் எது? பெரிய பெயராகச் சொல்வேன் என்று பென்கா கதவோரம் நின்று காத்திருந்தாள்.

"ஒண்ணு, தேனீ வளக்கறது எப்படின்னு ஒரு கையேடு. முட்டை போடாத ராணிய கூட்டமே சேந்து வெளிய தள்ளிடும்னு அதுலதான் படிச்சேன். அதைவிடப் பயங்கரமான நாவல நான் இன்னும் படிக்கல. இன்னொண்ணு, கடைசி நாப்பது பக்கம் கிழிஞ்சுபோன ஒரு கடல் கொள்ளைக்காரன் கதை. முடிவு தெரியாம பைத்தியம் புடிச்சு நானே எழுதிப் பாத்தேன். ரெண்டையும் பதிமூணு வயசுல இதே வாசகசாலையிலதான் திருடினேன். வாசல்ல காவலுக்கு நின்னது யாரு தெரியுமா? அதோ, உங்க தலைவி."

மண்டபம் அதிர்ந்தது. பென்காவின் முகம் சிவந்தது, ஆனால் உதட்டோரம் சிரிப்பும் வந்தது. எனக்குத் தலைக்கேறிவிட்டது. மேலே போனேன்.

"புடிச்ச புத்தகம்னா எனக்கு ஒரே கணக்குதான். படிச்சு மூடினதும் யார்கூடயாவது போய்ச் சண்டை போடணும்னு தோணணும். தோணலைன்னா அது புத்தகமே இல்ல, காகிதம்."

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பதினைந்து வயதிருக்கும், குள்ளம், முதுகில் பள்ளிப் பை.

"மேடம், க்ரெமெனா தாள்ல தன் பேர மட்டும் போட்டா. வீட்டுல யாரும் சேரல. நெஜத்துல அது செல்லுமா? ஒரே ஒரு ஆள் துக்கப்பட்டா போதுமா?"

"வியாரா, உக்காரு" என்றாள் பென்கா.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மழுப்பினேன். "அது கதைம்மா, கதையில எல்லாம் செல்லும்" என்று சொல்லிச் சிரித்தேன். இவ்வளவு வீராப்புப் பேசிய வாய்தான்.

"கதைன்னு சொல்லித் தப்பிக்கறீங்க" என்றாள் அவள். "இப்பத்தான சண்டை போடணும்னு சொன்னீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. நாற்பது பிள்ளைகளும் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

"மனோல் தாள ஒட்டினது நான்தான். ஒத்திகை பாத்தேன். எங்கம்மா ஸ்பெயின்ல செத்து இன்னிக்கு ஒரு வருஷம். அப்பாவ விட்டுட்டு வேற ஒருத்தர்கூடப் போனவங்கன்னு எங்க வீட்டுல அவங்களுக்குத் தாள் போடல. நாப்பதுக்கும் இல்ல, ஆறு மாசத்துக்கும் இல்ல. நான் ஒட்டினா கிழிச்சிடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு. அதான் மொதல்ல யாருன்னே தெரியாத ஒருத்தருக்கு ஒட்டிப் பாத்தேன். மூணு நாளா யாரும் கிழிக்கல. புத்தகத்து ஆளுன்னு தெரிஞ்ச பிறகும் கிழிக்கல. நீங்ககூடக் கிழிக்கல அத்தை. நேத்து கம்பத்தச் சுத்திக்கிட்டுப் போனீங்க, நான் பாத்தேன்."

அத்தை! பென்காவின் அண்ணன் மகள். அந்தக் கெஞ்சல் எதற்கென்று அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. பென்காவுக்கு என் புத்தகத்தின் மேல் ஒரு பகையும் இல்லை. வருட நாள் நெருங்குவது அவளுக்குத் தெரியும், மருமகளின் கை எங்கே போகும் என்றும் தெரியும்.

"போதும் வியாரா! வீட்டு விஷயத்த நாலு பேர் முன்னாடி..." பென்கா பாதியில் நிறுத்தினாள். என் பக்கம் திரும்பினாள். "சொல்லுடி. தப்புன்னு சொல்லு. என் அண்ணன் ரெண்டு வருஷம் ராத்திரி தூங்கலடி. அவ போனப்ப ஊரு சிரிச்சது, ஞாபகம் இருக்கா உனக்கு? இல்ல, நீ சோபியாவுல இருந்த. மறுபடி அவ பேர ஊரெல்லாம் ஒட்டி அவன அசிங்கப்படுத்தணுமா?"

அவள் பக்கமும் நியாயம் இருந்தது. ஆனாலும் எழுந்து நின்றேன்.

"பென்கா, அந்த அத்தியாயம் தப்பில்ல. நான் எழுதினதுலேயே அது ஒண்ணுதான் சரி. இப்ப மழுப்பினேன் பாரு, அதுதான் தப்பு." பிறகு அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "செல்லும்மா. ஒரு ஆள் போதும். இந்த ஊர்ல பிரிண்டர் எங்க இருக்கு, வா, அடிக்கலாம்."

"ஆபீஸ் சாவி என்கிட்ட இருக்கு. குடுக்க மாட்டேன்" என்றாள் பென்கா.

"வேண்டாம் அத்தை. நாப்பது அடிச்சு வெச்சிருக்கேன்." வியாரா பையைத் தட்டினாள். என்னை நேராகப் பார்த்தாள். "எனக்கு நீங்க ஒண்ணும் செஞ்சு தர வேண்டாம். கூட வந்து நில்லுங்க, போதும். எழுதினது நீங்கதான?"

போனேன். போகாமல்? பாதிக் கூட்டம் பனீட்சாவைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தது. பென்கா கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல் ஓடி வந்தாள்.

வியாராவின் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. பச்சை மரக் கதவு. எதிர்வீட்டு அம்மாள் முற்றத்தில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் அடுப்பை விட்டு வேலிக்கு வந்துவிட்டாள். வியாரா அவளிடமே ஒரு முக்காலி இரவல் கேட்டாள். தாள் அடக்கமாக இருந்தது. ஒரு படம், காற்றில் முடி பறக்கச் சிரிக்கும் ஒரு பெண். ஒரு வருடம். இஸ்க்ரா. முப்பத்தெட்டு வயது. துயரத்துடன், மகள் வியாரா.

"முக்காலி எதுக்கு? இங்கயே ஒட்டலாமே" என்று கதவின் நடுவைக் காட்டினேன்.

"இது நான் படிக்கறதுக்கு இல்ல. அப்பா ஒசரம். அவர் கண்ணுக்கு நேரா இருக்கணும்."

நான் முக்காலியைப் பிடித்துக்கொண்டேன், அவள் ஏறிப் பசை தடவி ஒட்டினாள். பென்கா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். அவளும் கிழிக்கவில்லை.

ஐந்து மணிக்கு வியாராவின் அப்பா கிரில் வந்தார். தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்கிற வேலை, முழங்கால்வரை சேறு, சொன்ன மாதிரியே நல்ல உயரம். கூட்டத்தைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார். படிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். பிறகு கையை ஓங்கி, ஒரே இழுப்பில் தாளைக் கிழித்தார்.

"ஐயோ கிரில்! செத்தவங்க தாளுப்பா அது!" என்று எதிர்வீட்டு அம்மாள் அலறினாள். எங்கள் ஊரில் மழைதான் அதைக் கிழிக்கும். மனிதன் கிழித்து நான் பார்த்தது அன்றுதான். பிள்ளைகளில் யாரோ அழத் தொடங்கினார்கள்.

வியாரா அழவில்லை. முக்காலியை மறுபடி கதவருகே நகர்த்தி ஏறினாள். பசை கதவெல்லாம் வழிந்தது. அதே இடத்தில் இன்னொரு தாளை ஒட்டினாள்.

"கிழிங்கப்பா. இன்னும் முப்பத்தெட்டு இருக்கு. அது தீந்தா மறுபடி அடிப்பேன். அவங்க உங்கள விட்டுட்டுப் போனாங்க, உங்களுக்குக் கோவம் இருக்கும், இருக்கட்டும். எனக்கும் இருக்கு. ஆனா செத்தது எங்கம்மா."

கிரில் சேற்றுக் கையில் கசங்கிய தாளோடு நின்றார். மகள் முக்காலியில் நின்றதால் இரண்டு பேர் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. நான் முக்காலிக் காலைப் பிடித்தபடி, அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் நின்றேன். இதை நான் எழுதவில்லையே.

கடைசியில் அவர் மகளை இடுப்பில் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். முக்காலியை ஓரமாக வைத்தார். கையிலிருந்த தாளை நீவி நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கதவைத் திறந்து உள்ளே போனார். அவர் கதவை அறையவில்லை. பசை இன்னும் காயவில்லை என்பதால், தாள் நழுவிவிடாதபடி உள்ளிருந்து மெல்ல, மிக மெல்லச் சாத்தினார்.