விரித்து வைத்த நான்காவது கை

1

2019 ஜனவரி பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை, மாலை நான்கு மணி அளவில், வடகடல் தீவுச் சிற்றூரான சும்பாவில் மின்சாரம் நின்று சற்று நேரம் ஆகியிருந்தபோது, வெந்நீர் கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். என்னுடையது மின்சார அடுப்பு. மார்யுன் வீட்டில் எண்ணெய் அடுப்பு. சமையலறைக் கதவைத் திறந்தபோது கண்டது இது: மெழுகுவத்தி வெளிச்சத்தில் நால்வர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். மார்யுனும் அவளுடைய இரண்டு பெண்களும் சீட்டுகளைக் கையில் பிடித்திருந்தார்கள். கணவன் தைட்டூரின் சீட்டுகள் மட்டும் முகம் தெரிய மேசைமேல் விரிந்து கிடந்தன. அவனுடைய கைகள் மடியில் இருந்தன. அவனுடைய முறை வந்தபோது, எதிரே இருந்த இளைய மகள் எட்டி, அவனுடைய சீட்டுகளில் ஒன்றை எடுத்து இறக்கினாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தக் கதைக்கு என்னிடம் இருந்த மூலதனம் அவ்வளவே. வேறு சிலவற்றை மார்யுன் பின்னர் சொன்னாள். எஞ்சியவை என் கட்டுமானம். எது எவருடையது என்று பிரித்துக் காட்டப்போவதில்லை.

2

தொடங்குவதில் சிக்கல் இருந்தது. முதலில் இப்படி எழுதினேன்:

"காற்று அந்த வீட்டைத் தன் இரு கைகளாலும் பற்றி..."

காற்றுக்குக் கைகள் கிடையா. அடித்துவிட்டேன். இரண்டாவது:

"தைட்டூர் குடித்துவிட்டு வந்த நாட்களில் மார்யுன் பெண்களை மாடிக்கு அனுப்பிவிட்டு..."

இதை இரண்டு பக்கம் வரை கொண்டுபோனேன். நன்றாகவே ஓடிற்று. தவறான கதைகள் நன்றாக ஓடும். தைட்டூர் கிறிஸ்துமஸுக்கு இரண்டு புட்டி பீர் குடிப்பவன். எவர் மீதும் கை ஓங்காதவன். ஊதியத்தை அப்படியே வீட்டுக்கு அனுப்புகிறவன். அவனைக் கெட்டவனாக்கினால் வாசகருக்கு மார்யுனின் பக்கம் நிற்பது எளிது. எனக்கும் எளிது. ஆனால் அவன் நல்லவன் என்பதுதான் மார்யுனுக்கு நேர்ந்த சங்கடம். அதை நீக்கிவிட்டால் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

ஆகவே வெள்ளிக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன்.

3

வெள்ளிக்கிழமை மாலை தைட்டூரின் பை வாசலருகே தயாராக இருந்தது. படகில் தலைநகருக்குப் போய், அங்கிருந்து மீன்பிடிக் கப்பலில் ஏறி, இரண்டு மாதம் வடக்கே போய்வருவது அவனுடைய வழக்கம். இரண்டு மாதம் கடல், ஒரு மாதம் வீடு, பதினாறு ஆண்டுகளாக. ஆறு மணிச் செய்தியில், ஞாயிறு இரவுவரை படகு கிடையாது என்று அறிவித்தார்கள். கப்பலும் புயல் தணியும்வரை துறைமுகத்தில் காத்திருக்கும் என்று தகவல் வந்தது.

தைட்டூர் பையைத் தூக்கிப் படிக்கட்டின் கீழே வைத்தான். மார்யுன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"படகு இல்லையாம்."

"கேட்டேன். அப்போ இன்னும் நாலு கிழங்கு போடணும்."

"நாலு போதுமா? கப்பல்காரன் வயிறு இது."

"தெரியுமே. நீ போன மறுநாள்தான் எங்க ஐஸ் பெட்டிக்கே மூச்சு வரும்."

அவன் சிரித்தான். பிறகு ஈரத்துணி ஒன்றைப் பிழிந்து மேசைமேல் விரித்து, தட்டுகளை அதன்மேல் வைத்தான். கப்பல் சாயும்போது தட்டு நழுவாமல் இருப்பதற்கான ஏற்பாடு. வீடு சாய்வதில்லை என்று மார்யுன் சொல்லிப் பார்த்த காலம் ஒன்று இருந்தது.

"மார்யுன், ஒண்ணு சொல்லணும். மீன் பண்ணையில வேலை தர்றேங்கிறாங்க. கரையில. காலையில போனா சாயங்காலம் வந்துடலாம். திங்கக்கிழமை காலையில பதில் சொல்லணும்."

"எப்பக் கேட்டாங்க?"

"புது வருஷத்துக்கு மறுநாள்."

"இத்தனை நாளா வாயைத் திறக்கலையே நீ!"

"கப்பல்ல ஏறினதும் போன்ல சொல்லலாம்னு இருந்தேன்."

"போன்லயா? ஏன்?"

"நீ வேணாம்னு சொன்னா, உன் மூஞ்சியப் பாக்க வேண்டியதில்லை பாரு." விளையாட்டாகத்தான் சொன்னான். "சரி, சொல்லு. நான் இங்கேயே இருந்துடட்டுமா?"

கத்தி ஒரு கணம் நின்றது. "யோசிக்கணும்," என்றாள். அவன் தலையசைத்தான். அவள் உடனே சொல்லியிருக்க வேண்டிய சொல் வேறு என்பது இருவருக்கும் தெரிந்தது.

[இங்கே காற்றை மீண்டும் கொண்டுவந்து சன்னலில் அறையச் செய்திருந்தேன். நீக்கிவிட்டேன். அந்த மௌனத்துக்குப் பக்கவாத்தியம் தேவையில்லை.]

4

மார்யுனை வாசகர் ஏற்பார் என்று நான் நம்பவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கணவன் வீட்டோடு இருக்கட்டுமா என்று கேட்கிறான், யோசிக்கணும் என்கிறாள். கல் நெஞ்சக்காரி என்று வாசகர் முடிவு கட்டிவிடுவார். அவளுக்குச் சாதகமாக ஒரு பத்தி எழுத வேண்டியிருந்தது. எழுதினேன்.

அவன் வரும் நாளில் அவள் வீட்டைத் துடைத்து, காற்றில் காய்ந்த ஆட்டிறைச்சியை மெல்லிதாகச் சீவி வைத்து, நல்ல மேல்சட்டை அணிந்து துறைக்குப் போவாள். முதல் வாரம் பண்டிகை. இரண்டாம் வாரம் அவன் அலமாரிகளின் தாழ்ப்பாள்களைச் சரிசெய்யத் தொடங்குவான். மூன்றாம் வாரம் பெண்கள் தாயைத் தனியே அழைத்து, பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுமதி கேட்பார்கள். அவன் அதே அறையில்தான் உட்கார்ந்திருப்பான். நான்காம் வாரம் அனைவரும் மிகுந்த மரியாதையோடு நடந்துகொள்வார்கள். அவனை அவளுக்குப் பிடிக்கும். அவன் வருவது பிடிக்கும். அவன் போன அன்று மாலை, வீடு தன் பழைய அளவுக்குத் திரும்புவது பிடிக்கும். ஆனால் அவன் இருப்பதை அவள்...

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. பலமுறை முயன்றேன். ஒவ்வொரு பயனிலையும் அவளுக்கு அநீதி செய்தது. இருக்கும்படியே விடுகிறேன்.

5

சனிக்கிழமை. தோட்டத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்த குப்பைத் தொட்டி காலையிலேயே போய்விட்டது. சிறியவள் எல்ஸ்பா அது கடலுக்குள் உருண்டதைக் கண்டதாகச் சத்தியம் செய்தாள். பெரியவள் டூரிதா சாக்ஸ் பின்னினாள், அவிழ்த்தாள், மறுபடி பின்னினாள். மூன்று மணிக்கு மின்சாரம் நின்றதும் சீட்டுக்கட்டு வெளியே வந்தது.

அது நால்வர் ஆடும் ஆட்டம். எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு கட்சி. ஆள் குறைந்தால் நான்காவது கையை மேசைமேல் முகம் தெரிய விரித்து வைப்பார்கள். அதற்கு எதிரே இருப்பவரே இரண்டு கைக்கும் ஆடுவார். அந்த வீட்டில் அந்தச் சலுகை எப்போதும் எல்ஸ்பாவுக்கு.*

தைட்டூர் பக்கத்து அறைச் சோபாவில் படுத்திருந்தான். கப்பலில் ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் தூக்கம் என்று பழகியவன். பகலில் அவன் கண் மூடியிருந்தால் தூக்கம் என்றே வீட்டில் கொள்வார்கள். அவன் தூங்கவில்லை. பெண்களின் பேச்சு காதில் விழுந்தது.

"அப்பாகிட்ட என்னடி இருக்கு?"

"ரெண்டு ராஜா, ஒரு ராணி. இந்தத் தடவை அப்பா பெரிய பணக்காரரு."

"உனக்கென்ன, உன் அப்பா எப்பவும் நல்லா ஆடுவாரு. வாயத் தொறக்க மாட்டாருல்ல!"

மார்யுனும் சிரித்தாள். தைட்டூர் எழுந்து வந்து கதவருகே நின்றான்.

"எந்த அப்பா?"

டூரிதா தன் சீட்டுகளுக்குள் குனிந்தாள். எல்ஸ்பாவுக்கு மட்டும் அதில் மறைக்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. விரித்திருந்த சீட்டுகளை விரலால் தட்டினாள். "இந்த அப்பா. இந்தக் கைக்கு அப்பானுதான் பேரு. ரொம்ப நாளா."

"அப்போ நான் யாரு?"

"நீ லீவுல வர்ற அப்பா," என்றாள் டூரிதா, பின்னலிலிருந்து எடுத்த ஊசியால் காதைச் சொறிந்துகொண்டே.

"டூரிதா!" என்றாள் மார்யுன்.

"சும்மா சொன்னேம்மா."

தைட்டூர் வாய்விட்டுச் சிரித்தான். நாற்காலியை இழுத்து, விரிந்திருந்த சீட்டுகளைத் திரட்டிக் கையில் பிடித்துக்கொண்டான். "தள்ளு, லீவு அப்பா ஆடிக் காட்டறேன்."

மோசமாக ஆடினான். கப்பலில் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஆடுவார்கள்; கட்சி கிடையாது. எல்ஸ்பா ராஜாவை இறக்கினால், அதன்மேல் துருப்பைப் போட்டுத் தானே பிடியை எடுத்தான்.

"அப்பா! அது என் ராஜா. நாம ஒரே கட்சி."

"அட, ஆமால்ல."

அடுத்த கையிலும் அதுவே. மூன்றாவது கையிலும். எல்ஸ்பா அந்த மேசையில் தோற்றுப் பழகாதவள்.

"அப்பா, நீ கீழ விரிச்சு வையேன். நானே ஆடிக்கறேன். அப்பத்தான் ஜெயிப்போம்."

"எல்ஸ்பா, வாய மூடு," என்றாள் மார்யுன்.

"விடு மார்யுன். அவ சொல்றது சரிதான்."

அவன் சீட்டுகளை மேசைமேல் வைத்தான். வீசி எறியவில்லை, கோபம் இருந்திருந்தால் மார்யுனுக்கு உதவியாக இருந்திருக்கும். நிறம் நிறமாகப் பிரித்து, சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி, மகளுக்குக் கை எட்டும்படி சற்று முன்னே தள்ளி வைத்தான். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டான். அவர்கள் வெல்லத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் நான் கதவைத் திறந்தேன்.

"உள்ள வாங்க, காத்து வருது," என்றாள் மார்யுன். அவளுடைய கண்கள் என் மேல் இல்லை. அந்த வரிசையான சீட்டுகளின் மேல் இருந்தன. எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. வெந்நீர் ஊற்றும்வரைகூடக் காத்திராமல், ப்ளாஸ்க்கை அடுப்பருகே விட்டுவிட்டு வெளியேறினேன்.

* எனக்கும் அது தெரியும். மழை நாட்களில் அந்த மேசையில் நானும் உட்கார்ந்ததுண்டு. ஆனால் அந்தக் கைக்கு ஒரு பெயர் இருந்தது தெரியாது. நான் நான்காவதாக உட்கார்ந்தால் விரித்து வைக்கும் கை இராதே.

6

கதவை மூடியபின் நடந்ததை நான் காணவில்லை. முடிவுகள் இரண்டு எழுதினேன்.

முதல் முடிவு. மார்யுன் எழுந்து மேசையைச் சுற்றி வந்து, அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவனுடைய கையில் திணிக்கிறாள். "உன் சீட்டை நீயே பிடி. தோத்தா தோத்துட்டுப் போறோம்." எல்ஸ்பா அழுகிறாள், பிறகு சிரிக்கிறாள். அதற்குள் மின்சாரமும் வந்துவிடுகிறது. இதை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது, ஆகவே சந்தேகப்பட்டேன். அந்தக் குரல் மார்யுனுடையது அன்று, என் ஆசையினுடையது.

இரண்டாவது முடிவு. எதுவும் நடக்கவில்லை. ஆட்டம் தொடர்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மறுபடி ஆடுகிறார்கள். தைட்டூர் கேட்கப்படாமலேயே சீட்டுகளை விரித்து வைக்கிறான். இரவு உணவின்போது மார்யுன் "இரு" என்கிறாள், கிழங்குப் பாத்திரத்தை அவன் பக்கம் நகர்த்திக்கொண்டே. "நிஜமாவா?" என்கிறான். "கேட்டியே, சொல்லிட்டேன்."

இரண்டாவதே உண்மைக்கு அருகில் இருக்கும் என்று எண்ணுகிறேன். ஆனால் அந்த "இரு" எங்கிருந்து வந்தது? அவன் வேண்டும் என்பதாலா, அன்று அந்தச் சீட்டுகளை அவன் அத்தனை ஒழுங்காக அடுக்கியதைக் காணச் சகியாததாலா? வேண்டும் என்பதால் வந்தது என்றால் இது ஓர் இல்லறம் மீண்ட கதை. சகியாமல் வந்தது என்றால், இரக்கத்தின் பேரில் ஒருத்தி இன்னும் முப்பது ஆண்டுகளுக்குக் கையெழுத்திட்ட கதை; இரக்கம் அத்தனை நாள் தாங்கக்கூடிய சரக்கு அன்று. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடைக்க என்னால் ஆகவில்லை. மார்யுனை அறிந்த அளவு நீங்களும் இப்போது அறிவீர்கள். தீர்ப்பை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

7

முடிவானதை மட்டும் சொல்கிறேன். திங்கட்கிழமை பிற்பகல், ப்ளாஸ்க்கைத் திருப்பித் தர வந்தபோது மார்யுன் சொன்னது இது.

காலை எட்டு மணிக்குத் தைட்டூர் மீன் பண்ணைக்குத் தொலைபேசியில் பேசி, வேலையை ஏற்றுக்கொண்டான். கப்பலுக்கும் தகவல் கொடுத்தான். அவனுக்குப் பதிலாக வேறொருவனை ஏற்றிக்கொண்டு அது அன்றே புறப்பட்டது. பிப்ரவரி முதல் தேதியிலிருந்து அவன் பண்ணைக்குப் போகிறான். பெண்களிடம் காலை உணவின்போது தெரிவித்தார்கள். டூரிதா "சரி" என்றாள். எல்ஸ்பா, "அப்போ இனிமே மூணு பேரா ஆட முடியாதா?" என்று கேட்டாள்.

முடியாது என்று மார்யுன் சொன்னாள்.