அர்ச்சனைக்குச் சொன்ன பெயர்

…வாய்தான் சொன்னது, நான் சொல்லவில்லை, பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு பேரு நட்சத்திரம் சொல்லும்மா என்றதும் கஜபதி, சித்திரை நட்சத்திரம் என்று அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது, எந்தக் கோயிலுக்குப் போனாலும் சாமி பேருக்கே பண்ணிடுங்க என்று சொல்லிப் பழகிய வாய், இன்றைக்கு என்ன வந்தது இதற்கு? ஆடி வெள்ளி, கூழ் ஊற்றுகிற கூட்டம், பூசாரிக்குப் பக்கத்தில் மைக், கஜபதி என்று அவர் திருப்பிச் சொன்னது கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் மேனாம்பேடு முழுக்கக் கேட்டது… செத்துப்போனவர் பெயர், போஸ்டர் அடித்து ஒட்டிய பெயர், என் புருஷன் பெயர். வேறு என்ன செய்வேன், ஒரு வாரமாக அவருக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, ஆஸ்பத்திரிச் சீட்டில் செல்வகுமார், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை பார்க்கிற கம்பெனியில் செல்வகுமார், வீட்டு ஓனருக்கும் செல்வகுமார், சரி, மனுஷர்களை ஏமாற்றலாம், அம்மனிடம் போய்ச் செல்வகுமாரைக் காப்பாற்று என்றால் அவள் எந்தச் செல்வகுமாரைத் தேடிப் போவாள்?

"இன்னா தங்கச்சி, பூவு மொழம் இன்னா வெல சொன்னான்?" அய்யாசாமி கேட்கிறார். எங்கள் மாடியில் குடியிருப்பவர், போன மாதம்தான் சேக்காட்டிலிருந்து வந்தார், ஃபேக்டரியில் ரிட்டயர் ஆனவராம், தனி ஆள். வரிசையில் எனக்கு நேர் பின்னால் நின்றிருந்தார், இப்போது கூழ்த் தூக்கோடு கூடவே நடந்து வருகிறார். விலையைச் சொன்னேன். அடுத்தது அதைத்தான் கேட்பார், யாரு தங்கச்சி கஜபதி என்று… பதில் தயார், எங்க அண்ணன், துபாயில இருக்கான். துபாய் வேண்டாம், எந்தக் கம்பெனி என்பார், திருப்பூர் என்று சொல்லலாமா, பனியன் கம்பெனி, கல்யாணம் ஆகவில்லை, அதனால்தான் அர்ச்சனை. போதும், அதற்கு மேல் சொன்னால் உளறிவிடுவேன்.

என் புருஷன் கட்சி மாவட்டச் செயலாளருக்குக் கார் ஓட்டினார். அதே கட்சியில் செயலாளரை எதிர்த்து நின்ற ஒருவரை ஒரு நாள் பின் சீட்டில் ஏற்றிவிட்டு, குடிச்சிருக்காரு, வீட்ல கொண்டுபோய் விட்டுடு என்றார்கள், பாதி வழியில் கண்ணாடியில் பார்த்தால் தலை சாய்ந்த விதமே சரியில்லை, தொட்டால் சில்லென்று இருந்ததாம், வண்டியை ரோட்டோரம் விட்டுவிட்டு ஓடிவிட்டார். மறுநாள் பேப்பரில், கார் புளியமரத்தில் மோதித் தீப்பிடித்தது, பிரமுகரும் டிரைவரும் பலி. டிரைவர் சீட்டில் கருகிக் கிடந்தது யார்? எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ, அந்தக் கரிக்கட்டைக்குத்தான் நான் மார்பில் அடித்துக்கொண்டு அழுதேன், அழுது ஓய்ந்த பிறகுதான் அவரிடமிருந்து ஃபோன் வந்தது. அதற்குப் பிறகும் அழவேண்டியிருந்தது, கட்சிக்காரர்கள் வீரவணக்கம் போஸ்டரோடு வாசலில் நிற்கிறார்களே, காரியம் முடிகிறவரை பொட்டில்லாமல் உட்கார்ந்திருந்தேன், புருஷன் உயிரோடு இருக்கும்போது… இங்கே மேனாம்பேட்டுக்கு வந்து, அவர் செல்வகுமார் ஆன பிறகுதான் மறுபடி பொட்டு வைத்தேன். செயலாளர் இப்போது எம்.எல்.ஏ. எரிந்தது கஜபதி இல்லை என்று எரித்தவர்களுக்குத் தெரியாதா, தேடாமலா இருப்பார்கள்?

"கூழுக்கு முருங்கக்கீர சூப்பரா கீது, நீ வாங்கலியா?" வாங்கவில்லை. "பொடவ புச்சா?" பழசுதாண்ணா. மனுஷர் விடமாட்டார், முந்தாநாள் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று படியில் நின்று கேட்டவர், கேட்கட்டும், இதோ கேட்கப்போகிறார், அந்த மளிகைக்கடை தாண்டியதும் கேட்பார், கடை தாண்டிவிட்டது, குழாயடியும் தாண்டிவிட்டது. கேட்டுத் தொலையுங்களேன், சொல்லிவிட்டு நிம்மதியாகப் போகிறேன். வீட்டு வாசல் கேட் வந்துவிட்டது.

"சாருக்கு ஜொரம் உட்டுதா? இன்னிக்கும் ஊட்லதான் கீறாரா?"

"ஆமாண்ணா, படுத்துதான் இருக்காரு."

"படுக்கட்டும், படுக்கட்டும். எழுப்பாத."

நல்ல மனுஷர் என்று நினைத்துக்கொண்டே உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். பாயில் படுத்திருந்த என் புருஷன் கண்ணைத் திறக்காமலே, "யாரு பேருக்குப் பண்ணே?" என்றார். சாமி பேருக்குத்தான் என்று சொல்லி நெற்றியில் குங்குமம் இட்டேன், தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது. அய்யாசாமி பூ விலை கேட்டார், புடவை கேட்டார், இவர் வீட்டில் இருக்கிறாரா என்றுகூடக் கேட்டார், நானும் சொன்னேன், கஜபதி யார் என்று மட்டும் ஏன் கேட்கவில்லை? ஸ்பீக்கர் இரைச்சலில் காதில் விழவில்லையோ, அப்படித்தான் இருக்கும், தாயே, அப்படியே இருக்கட்டும்… தெரியாதவன்தானே கேட்பான். நானும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன், அய்யாசாமி மாடிப்படி ஏறுகிற காலடிச் சத்தம் இன்னும் கேட்கவில்லை.