விட்டுப்போன ஒற்று

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, லிப்ட் மெக்கானிக் தன் வெள்ளைச் சட்டைக்கு இரண்டாம் முறையாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஒன்பதரைக்கு ஆராதனை. பதினொரு வருடமாகப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவரை முதன்முறையாகப் பிரசங்கம் பண்ணச் சொல்லியிருந்தார் பாஸ்டர். கீழ்ப்படிதல்தான் தலைப்பு. நோட்டில் பதினாலு பக்கம் எழுதி வைத்திருந்தார். கீழ்ப்படியறதுக்குப் பதினாலு பக்கமா என்று மனைவி கேட்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன் அடித்தது. நாலு தெரு தள்ளியிருந்த பழைய கட்டிடத்தின் வாட்ச்மேன். லிப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே நான்காம் மாடி டீச்சர். ரிட்டயர் ஆனவர், ஆஸ்துமாக்காரர். டியூட்டி மெக்கானிக் ஊரின் மறுகோடியில் இருக்கிறார், வர இரண்டு மணி நேரம் ஆகும். மோட்டார் அறைச் சுவரில் பென்சிலால் 'ஆபத்துக்கு' என்று எழுதி ஒரு நம்பர் இருந்தது, அதற்குத்தான் போட்டேன் என்றார்.

அது மெக்கானிக்கின் நம்பர், எழுதியதும் அவரேதான். எந்த வருடம் என்று நினைவில்லை. யாரும் எழுதச் சொல்லவில்லை.

போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, என்ன செய்வது, ஒரு வழி காட்டும் ஆண்டவரே என்று கண்ணை மூடினார். கண்ணைத் திறந்தபோது மனைவி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆண்டவர் பேசணும், பேசணும்னு தினமும் ஜெபம் பண்றீங்க. பேசினா, யாரு பேசறதுன்னு கேக்கறீங்க."

"பேசினது வாட்ச்மேன்டி."

"சரி, அவருக்காவது பதில் சொல்லுங்க. டூல்ஸ் பையை நான் எடுத்துக்கறேன்."

போகும் வழியில் பாஸ்டருக்குச் சொன்னார். போயிட்டு வாங்க பிரதர் என்றார் பாஸ்டர். குரலில் ஒன்றும் பிடிபடவில்லை.

மனைவியை மூன்றாம் மாடிக் கதவருகே நிறுத்திவிட்டு, டீச்சருக்குப் பேச்சுத் துணையாக இரு என்று சொல்லி, வாட்ச்மேனோடு மொட்டைமாடியிலிருந்த மோட்டார் அறைக்கு ஏறினார். மெயினை அணைத்தார். நான்காம் மாடிக் கதவின் பூட்டு உடைந்ததால்தான் லிப்ட் நின்றிருந்தது. அந்தக் கதவு திறக்காது. அதனால் மூன்றுக்கு இறக்க வேண்டும். உள்ளே ஒரே ஆள் இருந்தால் கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர்ப்பக்க எடைதான் அதிகம். பிரேக்கை விட்டால் லிப்ட் தானாக மேலே போகத்தான் பார்க்கும். மேலே ஏற யார் தயவும் வேண்டாம். கீழே இறக்கத்தான் ஆள் மல்லுக்கட்ட வேண்டும்.

வாட்ச்மேன் பிரேக் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டார். மெக்கானிக் கைச்சக்கரத்தைச் சுற்றினார். லிப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கியது. வெள்ளைச் சட்டையின் கை கிரீஸில் புரண்டது.

கீழே மனைவி வேறெதுவும் தோன்றாமல் கையோடு கொண்டுவந்திருந்த பிரசங்க நோட்டை எடுத்துக் கதவிடுக்கு வழியாக, மேலே வரை கேட்கும்படி வாசிக்க ஆரம்பித்திருந்தாள். மூன்றாம் பக்கத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தப்பா நினைச்சுக்காதம்மா. அதைக் கொஞ்சம் மூடி வை. உங்க வீட்டு விஷயம் ஏதாவது சொல்லு."

அவள் குரலைத் தாழ்த்தி, சட்டைக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்ட கதையைச் சொன்னாள். இருமலோடு ஒரு சிரிப்பு மேலே மோட்டார் அறை வரை கேட்டது. பிரசங்கத்தில் சிரிக்கும்படி என்ன எழுதினோம் என்று மெக்கானிக் யோசித்துக்கொண்டே சுற்றினார்.

கயிற்றில் மூன்றாம் மாடிக்கென்று போட்டிருந்த மஞ்சள் குறி மோட்டார் சட்டத்துக்கு நேரானதும் நிறுத்திவிட்டு, இறங்கி வந்து கதவைத் திறந்தார். டீச்சர் வெளியே வந்து படியில் உட்கார்ந்து இன்ஹேலரை இழுத்தார். மூச்சு சீரானதும் நோட்டைக் கேட்டார். எனக்குக் காதால் கேட்டால் ஏறாது, படித்துவிட்டுத் தருகிறேன் என்றார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கடைசி ஆசீர்வாதம் நடந்துகொண்டிருந்தது. பிரசங்கத்தை வேறொருவர் முடித்திருந்தார். பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர் கிரீஸ் பட்ட சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டார். மனசு வலித்தது. வாசலில் பாஸ்டர் அவர் தோளில் கை வைத்து, அடுத்த மாசம் முதல் ஞாயிறு பேசுங்க என்றார்.

வியாழக்கிழமை பூட்டு மாற்றப் போனபோது டீச்சர் நோட்டைத் திருப்பித் தந்தார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. மெக்கானிக் எழுதிய இடத்திலெல்லாம் 'கீழ்படிதல்' என்றே எழுதியிருந்தார். டீச்சர் ஒன்றுவிடாமல் 'ப்' போட்டிருந்தார்.

"விஷயமெல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி. ஒற்றுதான் எங்கேயுமே இல்ல."

மெக்கானிக் சிரித்து, நோட்டைப் பையில் வைத்தார்.

பூட்டை மாட்டிவிட்டு மெயினைப் போட மேலே ஏறினார். சுவரில் அவர் எழுத்து. அடுத்த மாதம் முதல் ஞாயிறு என்று நினைத்தபடி அதன் முன்னால் சற்று நேரம் நின்றார். 'ஆபத்துக்கு' என்பதில் ஒற்றெல்லாம் சரியாக இருந்தது. நம்பர்தான் மங்கியிருந்தது.

பென்சிலை எடுத்து ஒவ்வொரு எண்ணின் மேலும் அழுத்தி எழுதினார்.